ஏழு நாட் குடித்தனம்: முதன்முறை இத்தாலி செல்லும் குடும்பங்களுக்கு

வெளிநாட்டுப் பயணம் என்பது நம்மவர் குடும்பங்களில் அடிக்கடி நிகழ்வதொன்றன்று. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இரண்டு வாரங்களிற் செலவாகிவிடுகிறது. உடன் வரும் அம்மம்மாவுக்கு இத்தகைய வாய்ப்பு மீண்டும் ஒருமுறை கிட்டுமோ என்பது ஐயம். பிள்ளைகளோ, அடுத்த முறை போகலாம் என்று நாம் எண்ணும் காலத்தில், பெற்றோரை விட்டுத் தோழரோடு செல்லும் வயதினராகியிருப்பர். ஆதலின், இத்தாலிக்குப் போவோம் என்று ஒரு குடும்பம் தீர்மானிக்குமாயின், அப்பயணத்தை எவ்விதம் வகுப்பது என்பது சிறிய வினாவன்று. இவ்வாரம் அதனையே ஆராய எண்ணினோம்.

பெரும்பாலோர் முதலிற் செய்வது யாது? ஒரு தாளை எடுத்து ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதுவர். மிலான், வெனிஸ், வெரோனா, புளோரன்ஸ், பீசா, சியெனா, உரோமாபுரி, நேப்பிள்ஸ், பொம்பேயி என ஒன்பது பெயர்கள் நொடியிற் சேர்ந்துவிடும். நாட்களோ பதினான்கு. தாளில் இது பொருந்துவதுபோலவே தோன்றும். ஆனால், ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் காலையிற் பெட்டி கட்டவேண்டும், அறையை ஒப்படைக்கவேண்டும், புகையிரதம் பிடிக்கவேண்டும், புதிய ஊரில் விடுதியைத் தேடி, பிற்பகலில் அறை திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். இவ்வளவுக்கும் அரைநாளாவது செல்லும். எட்டு முறை ஊர் மாறினால் நான்கு முழு நாட்கள் பெட்டிகளுக்கே உரியனவாகிவிடும். எஞ்சிய நாட்களிற் கண்டவையும் ஒன்றோடொன்று கலந்து, எந்தத் தேவாலயத்தை எந்த ஊரிற் பார்த்தோம் என்பதே நினைவில் நில்லாது.

நாம் கூறும் வழி வேறு. முதற்பயணத்துக்கு மூன்று இடங்கள் போதும். அவற்றுள் இரண்டு நகரங்களாக இருக்கட்டும். மூன்றாவது நாட்டுப்புறத்தில் ஒரு வாடகை வீடாக இருக்கட்டும். அங்கே ஒரு முழு வாரம் குடும்பமாகத் தங்குங்கள். வாடகை விளம்பரங்களில் அத்தகைய வீடுகளை ‘வில்லா’ என்று அழைப்பர். ஏழு நாட்கள் அவ்வீட்டில் உலை வைத்து, அயலவருக்கு வணக்கம் சொல்லி வாழ்ந்தவர்க்கு, இத்தாலி படத்திற் கண்ட நாடாக இராது. தாம் குடியிருந்த நாடாக இருக்கும்.

வில்லா என்பது யாது?

வில்லா என்னும் இலத்தீன் சொல் பண்டைக்காலத்தில் வயல் தோட்டங்களோடு கூடிய நாட்டுப்புற மாளிகையைக் குறித்தது. இளைய பிளினி என்னும் உரோமப் பிரபு, உரோமாபுரிக்கு அணித்தே கடலோரத்தில் இருந்த தம் வில்லாவைப் பற்றி நண்பரொருவருக்கு எழுதிய நீண்ட கடிதம் இன்றும் உள்ளது. நகரத்து அலுவல்களை முடித்துக்கொண்டு அன்றைக்கே அங்குச் சென்றுவிடலாம் என்பதை அவர் அதன் சிறப்புகளுள் ஒன்றாகக் கூறுகிறார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஹாட்ரியன் சக்கரவர்த்தி திவோலியில் அமைத்த வில்லாவோ ஒரு சிறு நகரம் போன்றது. அதன் இடிபாடுகளை உரோமாபுரியிலிருந்து ஒரே நாளிற் போய்ப் பார்த்துத் திரும்பலாம். 16ஆம் நூற்றாண்டிலே அந்திரேயா பல்லாடியோ (1508–1580) என்னும் சிற்பி வெனிஸ் நாட்டுப் பிரபுக்களுக்குக் கட்டிய வில்லாக்கள் பின்னர் உலகெங்கும் கட்டடக்கலைக்கு முன்மாதிரியாயின.

ஆனால் நாம் வாடகைக்கு எடுக்கும் வீடு அத்தகைய மாளிகையாக இருப்பது அரிது. வில்லா என்னும் பெயரைச் சூடி நிற்பவற்றுட் பல, உண்மையிற் கமக்காரர் வாழ்ந்த கல்வீடுகளே. டஸ்கனி, உம்பிரியா முதலிய பகுதிகளில் பல நூற்றாண்டுகளாக ‘மெட்சாத்ரியா’ என்னும் முறை வழங்கிற்று. நிலமும் வீடும் நிலச்சொந்தக்காரருடையவை. உழைப்புக் கமக்காரக் குடும்பத்தினுடையது. விளைவு இருவருக்கும் பாதி. வாரத்துக்குக் காணி செய்த நம் முன்னோருக்கு இம்முறையை விளக்கவேண்டியிராது. கீழ்த்தளத்தில் எருதுகள் கட்டப்பட்டிருக்கும். மேல்தளத்திற் குடும்பம் வாழும். குளிர்காலத்தில் மாடுகளின் வெப்பம் மேலேயிருப்போருக்கு உதவும். ஏறி இறங்குவதற்கு வெளிப்புறத்திற் கற்படி இருக்கும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் இளைஞர் தொழிற்சாலைகளை நாடி நகரங்களுக்குச் சென்றனர். 1964இல் இயற்றப்பட்ட சட்டம் புதிய மெட்சாத்ரியா உடன்படிக்கைகளைத் தடைசெய்தது. வீடுகள் வெறுமையாயின. பின்னர் நகரத்தவரும் அந்நியரும் அவற்றை வாங்கித் திருத்தினர். கமக்காரர் தம் பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைத்து வருவாய் பெறும் ‘அக்ரிதுரிஸ்மோ’ என்னும் முறைக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டம் நாடளாவிய ஒழுங்கினை வகுத்தது. ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி விட்டுச் சென்ற வீட்டிலே இன்று வேறொரு குடும்பம் ஓய்வுக்காகப் பணம் கொடுத்துத் தங்குகிறது. பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுங்கள். சுவர் ஏன் இத்துணைத் தடிப்பு, யன்னல் ஏன் இத்துணைச் சிறிது என்று அவர்களே கேட்கத் தொடங்குவர்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்கவேண்டியவை

இவ்வரலாறு நம் திட்டத்துக்கும் பயன்படும். இவ்வீடுகள் வயலை நோக்கிக் கட்டப்பட்டவை, கடைத்தெருவை நோக்கியன்று. ஆகவே ஊருக்குத் தொலைவு, தார் இடாத மண்பாதை, செங்குத்தான கற்படி ஆகியன இருந்தே தீரும். படத்தில் முந்திரிகைத் தோட்டமும் சூரியாஸ்தமனமும் தெரியும்; படிகள் தெரியா.

முதற்கேள்வி, கீழ்த்தளத்திற் படுக்கையறையும் குளியலறையும் உண்டா என்பது. முழங்கால் நோவுள்ள முதியவர் ஒருவர் உடன் வருவாராயின், மற்றெல்லாக் கேள்விகளுக்கும் முன்னர் இதனைக் கேளுங்கள். இரண்டாவது, அண்மையிலுள்ள கடை எத்தனை கிலோமீற்றர் தொலைவில் உள்ளது, அங்கு நடந்து செல்லலாமா என்பது. மூன்றாவது, நீச்சல் தடாகம் பற்றியது. பெரும்பாலான தடாகங்கள் கோடைகாலத்தில் மட்டுமே திறக்கப்படும். காவலர் எவரும் இரார். சிறு பிள்ளைகள் இருப்பின் சுற்றுவேலி உண்டா என்பதை எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள்.

நான்காவது, பணம் பற்றியது. வாடகைக்கு மேலாக, துப்புரவுக் கட்டணம், வீட்டைச் சூடாக்கும் செலவு, சேத ஈட்டுக்கான வைப்புப் பணம், ஊராட்சிக்குத் தலைக்கு இவ்வளவு என்று செலுத்தும் தங்குவரி ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டறிக. இறுதியாக, அவ்வீட்டின் தேசியப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2025ஆம் ஆண்டு தொடக்கம், குறுங்கால வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தாலிய அரசின் பதிவு எண் வேண்டும். விளம்பரத்திலும் அதனைக் காட்டவேண்டும். எண்ணைக் கூறத் தயங்குபவருக்கும், முழுப் பணத்தையும் உடனே வங்கிக்கு அனுப்புக என்று அவசரப்படுத்துபவருக்கும் ஒரு சதமும் கொடாதிருப்பதே அறிவுடைமை.

எந்தப் பகுதி? எந்த மாதம்?

முதற்பயணத்துக்கு நாட்டின் நடுப்பகுதியே ஏற்றது. மோட்டார் வண்டி ஓட்ட விரும்பாதவர்க்கு லுக்கா என்னும் நகரை அடுத்த வீடுகளைப் பரிந்துரைப்போம். அந்நகரைச் சூழ்ந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமான மதில் உள்ளது. அதன் மேல் மரநிழலில் முதியோரும் நடக்கலாம். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். பீசாவின் சாய்ந்த கோபுரம் புகையிரதத்தில் அரைமணி நேரத் தொலைவிலேயே இருக்கிறது. வண்டி ஓட்டக்கூடியவர் சியெனாவைச் சூழ்ந்த குன்றுகளை நாடலாம். பதினான்கு பழங்கோபுரங்கள் எஞ்சி நிற்கும் சான் ஜிமிஞ்ஞானோ அப்பக்கத்திலேயே உள்ளது. ஆரவாரம் குறைந்த இடம் வேண்டுவோர்க்கு உம்பிரியா நன்று. 1228இல் தொடங்கிக் கட்டப்பட்ட புனித பிரான்சிஸ்குவின் பேராலயம் விளங்கும் அசீசி நகர் அங்கேதான் இருக்கிறது.

தென்னாட்டையும் சிசிலியையும் இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுதல் நன்று. அவை நம்மவர்க்குத் தொடர்பில்லாத இடங்கள் அல்ல. பொம்பேயி நகரின் இடிபாடுகளில் 1938இல் கண்டெடுத்த இந்தியத் தந்தச் சிலையொன்று நேப்பிள்ஸ் நூதனசாலையிலே உள்ளது. சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் இலங்கைத் தமிழர் பலர் வாழ்கின்றனர். சைவரும் கத்தோலிக்கரும் வேற்றுமையின்றிப் பெல்லெகிரீனோ மலையிலுள்ள புனித ரோசலியாவின் திருத்தலத்துக்கு ஏறிச் சென்று வழிபடுவர். இவற்றை அவசரமாகப் பார்த்தல் தகாது.

மாதத்தைப் பற்றி ஒரு சொல். ஆகஸ்டுப் பாடசாலை விடுமுறையிற் போகவே பலரும் விரும்புவர். அப்பொழுது இத்தாலியில் வெயில் கடுமை, வாடகை உச்சம். 15ஆந் திகதிப் பெருவிடுமுறையை ஒட்டிப் பல கடைகள் பூட்டப்பட்டிருக்கும். கோடைகாலத்தில் வீடுகளைச் சனி முதல் சனி வரை என முழு வாரமாகவே விடுவதும் வழக்கம். சித்திரை விடுமுறையிற் செல்வோர்க்குத் தடாகம் கிட்டாது. ஆயினும் பச்சைப் பசேலென்ற வயல்களும் இதமான பகற்பொழுதும் கிட்டும். இரவிற் குளிரும், கம்பளிச் சட்டை வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் இல்லாதார் மே மாதத்தையோ செப்டம்பரையோ தெரிந்துகொள்க.

விசாவும் முற்பணமும்

ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள் ‘நல்ல வீட்டை ஓராண்டுக்கு முன்னரே பிடித்துவிடுக’ என்று அறிவுரை கூறும். அவர்களிற் பெரும்பாலோர்க்கு அது சரி; அவர்களுக்கு விசா வேண்டியதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டை உடையவர்க்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னிருந்தே கொடுக்கலாம். 15 நாட்களுக்குப் பிந்தலாகாது. கட்டணம் வளர்ந்தோர்க்கு 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். தங்குமிடத்துக்கான சான்றினையும் கேட்பர்.

இங்கேதான் இடர் இருக்கிறது. சான்று காட்டுவதற்கு வீட்டை முன்பதிவு செய்யவேண்டும். முன்பதிவுக்கு முற்பணம் கட்டவேண்டும். விசா கிடையாது போனால் அப்பணம் என்னாவது? விடுதி அறைகளைப் பெரும்பாலும் இழப்பின்றிக் கைவிடலாம். வில்லாக்களின் நிபந்தனைகளோ கடுமையானவை. வாடகையில் ஒரு பகுதியை முன்னரும், எஞ்சியதைப் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னரும் செலுத்தவேண்டும் என்பதும், செலுத்தியது திரும்பாது என்பதும் பொதுவாக உள்ளவை. ஆகவே, எந்தத் திகதி வரை கைவிட்டாற் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்திற் பெறாமல் முற்பணம் கட்டவேண்டா. அத்திகதிக்குள் விசா முடிவு தெரியுமாறு விண்ணப்பத்தை முற்கூட்டியே கொடுங்கள். ஒரு பயணத்தின் வெற்றி தோல்வி இந்த இரு திகதிகளைப் பொருத்துவதில் அடங்கியிருக்கிறது என்று கூறினும் மிகையாகாது. அழகிய வீடொன்று இச்சலுகையைத் தராதாயின், அழகு குறைந்த வேறொன்றை ஏற்றுக்கொள்வதே குடும்பத் தலைவர்க்குத் தகும்.

வண்டியும் வீதியும்

நாட்டுப்புற வீடுகளிற் பலவற்றுக்கு மோட்டார் வண்டி இன்றியமையாதது. நம் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் அங்குப் போதாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இலங்கையிலிருந்து புறப்படுமுன் பெற்றுக்கொள்க. அங்கு வீதியின் வலப்புறமாக ஓட்டுதல் வேண்டும். வாடகை வண்டிகளிற் பல கையாற் கியர் மாற்றுபவை. தானியங்கி வண்டி வேண்டுமாயின் முன்கூட்டியே கேளுங்கள். மேலும், பழைய நகரங்களின் நடுப்பகுதியில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். எல்லையில் கமெரா வண்டியின் இலக்கத்தைப் படம் பிடிக்கும். எவரும் நம்மைத் தடுக்கமாட்டார். ஆனால் சில மாதங்கள் சென்றபின் தண்டப்பணக் கடிதம் வீடு தேடி வரும். ஆதலின் வண்டியை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து உட்செல்வதே வழி.

குடித்தனம் நடத்துதல்

வீட்டை அடைந்ததும் சொந்தக்காரர் நம் கடவுச்சீட்டுகளைக் கேட்பார். ஐயுறவேண்டா; தங்குவோர் விபரத்தைப் பொலிசாருக்கு அறிவித்தல் அவர் கடமை. மின்சாரத்தில் மட்டும் கவனம் வேண்டும். இத்தாலிய வீடுகள் பலவற்றுக்கு 3 கிலோவாட் மின்வலுவே வழங்கப்படுகிறது. மின் போறணை, சலவை இயந்திரம், நீர் கொதிக்கவைக்கும் கேத்தல் மூன்றையும் ஒருசேர இயக்கினால் வீடு இருண்டுவிடும். ஒன்றன்பின் ஒன்றாக இயக்குக. மின்மானி எங்குள்ளது என்பதையும் முதல்நாளே கேட்டுவைத்துக்கொள்க.

சமையலுக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் தேயிலையும் கொண்டு செல்லலாம். இறைச்சி, பாற்பொருள்கள் ஆகியவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லத் தடையுண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் உரிய சான்றிதழின்றி அனுமதியில்லை. ஆயினும் ஏழு நாளும் நம்மூர்க் கறியே சமைப்பதாயின் இத்தாலிக்குப் போவானேன்? வாரச் சந்தை எந்தக் கிழமை என்று விசாரித்துக் காலையிலேயே செல்லுங்கள். நண்பகலில் அது கலைந்துவிடும். சிற்றூர்க் கடைகள் பிற்பகலிற் சில மணிநேரம் பூட்டப்படும். தக்காளியும் கத்தரிக்காயும் பாலாடைக்கட்டியும் ஒலிவ் எண்ணெயும் அங்கு மிக நல்லவை. டஸ்கனியின் பாணில் உப்பே இராது. வெதுப்பகத்தார் மறந்துவிட்டார் என்று எண்ணவேண்டா, அது அந்நாட்டு வழக்கம். உப்புள்ள பாலாடைக்கட்டியோடு உண்டு பார்த்தால் அதன் பொருத்தம் விளங்கும். சைவ உணவினர்க்கும் பயற்றினங்களும் மாப்பண்டங்களும் குறைவின்றிக் கிடைக்கும்.

ஒரு மாதிரித் திட்டம்

பதினான்கு இரவுகளை இவ்வாறு வகுக்கலாம். செவ்வாய்க்கிழமை உரோமாபுரியிற் சென்றிறங்கி நான்கு இரவுகள் தங்குக. நெடுந்தூர விமானப் பயணத்தின் களைப்போடு புதிய நாட்டில் வண்டி ஓட்டுதல் ஆகாது என்பதாலும் இந்த ஒழுங்கு நன்று. சனிக்கிழமை புகையிரதத்திற் புறப்பட்டு, வீட்டுக்கு அண்மையிலுள்ள நகரில் வண்டியைப் பெற்று, அடுத்த சனி வரை வில்லாவிற் குடியிருங்கள். பின்னர் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் புளோரன்ஸில் மூன்று இரவுகள். அங்கிருந்து உரோமாபுரிக்கு விரைவுப் புகையிரதத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

நூதனசாலைகளின் விடுமுறை நாட்களை மறத்தல் கூடாது. புளோரன்ஸின் உஃபிட்சி திங்கட்கிழமையிற் பூட்டப்படும். ஆகவே ஞாயிறன்று அதனைக் காண்க. திங்களன்று 1436இல் நிறைவுற்ற புறுனெலெஸ்கியின் பெருங்கோபுரத்தையும் தேவாலயத்தையும் பார்க்கலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். கொலோசியத்துக்கும் வத்திக்கான் நூதனசாலைக்கும் நாளும் நேரமும் குறித்த நுழைவுச்சீட்டை இங்கிருந்தே பெறுக. மாணவர்க்கு ஒரு நற்செய்தி: இத்தாலிய அரசின் நூதனசாலைகளில் 18 வயதுக்குட்பட்டோர் எந்நாட்டினராயினும் கட்டணமின்றி நுழையலாம். வத்திக்கான் தனியரசு ஆதலின் அங்கு இச்சலுகை செல்லாது.

வில்லாவில் இருக்கும் ஏழு நாட்களில் மூன்று நாட்களுக்கு மட்டும் வெளியூர்ச் செலவு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சியவற்றில் ஒரு நாளை எத்திட்டமும் இன்றி விட்டுவிடுங்கள். அன்று பிள்ளைகள் அயல்வீட்டு நாயோடு விளையாடட்டும். அப்பா காலைப் பத்து மணி வரை உறங்கட்டும். அம்மம்மா நிழலில் அமர்ந்து பயிற்றங்காய் முறித்தபடி, தாம் சிறுமியாயிருந்த காலத்து வயலையும் மாட்டுக்கொட்டிலையும் பற்றிச் சொல்லட்டும். எருதுகள் கட்டிய வீட்டிலிருந்து கேட்கும்போது பேரப்பிள்ளைகளுக்கு அக்கதை முன்னிலும் நன்றாக விளங்கும். அதற்கு நுழைவுச்சீட்டும் வேண்டியதில்லை.

ஆகவே, ஊர்ப்பெயர் எழுதிய தாளை ஒருபுறம் வைத்துவிட்டு, உடன் வருவோரின் பெயர்களை முதலில் எழுதுங்கள். யாரால் எத்தனை படி ஏறமுடியும், யாருக்கு எத்தனை நாள் விடுமுறை, பணம் திரும்பும் திகதி எது என்பவற்றை அவற்றின் கீழே குறியுங்கள். வீடு எது என்பது அத்தாளிலிருந்தே தெரியவரும். வெனிஸ் ஓடிப்போகாது.